பிடிபிடிஎன் (மலேசிய அரசாங்கக் கல்விக் கடன்) கிடைக்கும்னு நம்பி மகள தனியார் காலேஜ்ல சேர்க்கலாமா?

அக்கா, மகள் எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சிட்டா, ஏஜெண்டு வீட்டுக்கே வந்து "பிடிபிடிஎன் எடுத்தா போதும், கைக்காசு வேணாம்"னு சொல்றாரு, நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு இப்பவே கையெழுத்து போட்டுடாதீங்க.

நாங்க சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல வளர்ந்தவங்க, அப்பாவுக்கு செம்பனை வெட்டு. எங்க வீட்டுக்கும் இப்படித்தான் ஒருத்தர் வந்தாரு, எங்கக்காவ ஒரு தனியார் காலேஜ்ல சேர்த்தோம், கடனும் கிடைச்சது, ஆனா அது ஃபீஸுக்கே பத்தல, மிச்ச ஃபீஸு ரூம் வாடகை சாப்பாடு எல்லாத்துக்கும் அம்மா கூட்டுப்பணம் (சீட்டு) எடுத்தாங்க, அப்புறம் தாலிச்செயினும் அடகுக்கடைக்குப் போச்சு, நாலாவது செமஸ்டர்ல முடியாம அக்கா வீட்டுக்கு வந்துட்டா. டிப்ளோமா கையில இல்ல, எடுத்த கடன இன்னும் கட்டிக்கிட்டு இருக்கா. அத நெனச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறாது.

பிடிபிடிஎன் மோசம்னு சொல்ல வரல. கடனுக்கு வருஷத்துக்கு 1% சேவைக் கட்டணம்தான், டிகிரில முதல் வகுப்பு வாங்கினா நிபந்தனைக்கு ஏத்த மாதிரி கடனையே தள்ளுபடி பண்ணச் சொல்லி மனு போடலாம். மொதல்ல எந்த வழியில படிக்கறதுங்கறதுதான் முக்கியம், கடன் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

நான் ஃபார்ம் சிக்ஸ் (எஸ்பிஎம்முக்கு அப்புறம், பல்கலைக்கழகத்துக்கு முந்தின பள்ளிப் படிப்பு) போனேன், மூணு செமஸ்டர், ஒன்றரை வருஷம், அரசாங்கப் பள்ளிதான், பஸ் காசும் புத்தகமும்தான் செலவு, கஷ்டம்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க, கஷ்டம்தான், ஆனா அதுலதான் அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைச்சது. மகளுக்கு கைவேலை பிடிக்கும்னா ஈப்போல உங்கு ஓமார் போலிடெக்னிக் இருக்கு, அங்க செமஸ்டர் ஃபீஸ் 200 வெள்ளிதான். மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தின அரசாங்கப் படிப்பு), யுபியு (அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மனு போடற இடம்) ரெண்டுக்கும் மனு போட்டு வைங்க.

சேர்ற நேரத்துலதான் கையில காசு நிக்காது. பதிவு ஃபீஸு, மெத்தை, லேப்டாப், எல்லாம் ஒரே வாரத்துல வரும், கடன் பணம் பிந்தித்தான் ஏறும். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போற வசதி கொறஞ்ச பிள்ளைங்களுக்கு பிடிபிடிஎன் முன்பணம் 1,500 வெள்ளி வரைக்கும் தருது, பதியறதுக்கு முன்னாடியே கேக்கணும். எஸ்எஸ்பிஎன் (பிடிபிடிஎன்னோட சேமிப்புக் கணக்கு) இல்லாம கடனுக்கு மனு போட முடியாது, அத இப்பவே திறந்துடுங்க. உங்க வீட்டுக்காரர் அண்ணனோட இபிஎஃப்ல (சம்பளத்துல பிடிக்கற சேமநிதி), 2024 மே மாசத்துல இருந்து செஜாதெரானு சொல்ற கணக்குல இருந்து பிள்ளை படிப்புக்கு எடுக்கலாம், ஆனா அது அவரோட வயசான காலத்துக் காசு, வேற வழியே இல்லனா மட்டும் தொடுங்க.

அந்த ஏஜெண்டு திரும்ப வந்தா, கடைசி செமஸ்டர் வரைக்கும் உள்ள மொத்தச் செலவையும் பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்க, கோர்ஸுக்கு எம்கியூஏ (படிப்புகளோட தரத்தப் பாக்கற அரசாங்க அமைப்பு) அங்கீகாரம் இருக்கான்னும் கேளுங்க. அதுல கடன் எவ்வளவு வரும்னு கழிச்சிட்டு, மிச்சத்த மாசத்துக்குப் பிரிச்சு அண்ணன் சம்பளத்தோட வெச்சுப் பாருங்க. மகளோட ரிசல்ட்ட போடுங்கக்கா, எந்த கோர்ஸுக்கு தகுதி வரும்னு நானே பாத்து சொல்றேன்.