மழைக்காலத்தில் எங்கே ஒதுங்குவது: கோயில் மண்டபமா, பட்டணத்து வீடா?

கேள்வி: மலேசியாவின் ஜொகூரில், லாபிஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பழைய லயத்து வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஆறு. பட்டணத்துக்குப் போக ஒரு சின்னப் பாலத்தைத் தாண்ட வேண்டும். 2011 வெள்ளத்தில் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில்தான் எல்லாரும் தங்கினோம். மேடு என்பதால் அங்கே தண்ணீர் ஏறவில்லை. இப்போது மாமனாருக்கு வாரம் மூன்று தடவை பட்டணத்தில் டயாலிசிஸ். இந்த மழைக்கும் மண்டபமே போதும் என்கிறார் வீட்டுக்காரர். இரண்டு மாடுகளை விட்டுவர அவருக்கு மனமில்லை. நாத்தனார் பட்டணத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறார், அங்கே வரச் சொல்கிறார். அரசாங்க நிவாரண மையத்துக்குப் போகலாமா என்றும் ஒரு யோசனை. எது சரி, ஐயா?
— வாசகி, லாபிஸ்

பதில்: சகோதரி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமனாரும் அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு அல்ல, ஏறுவதற்கு முன்பே. மண்டபத்தை மற்றவர்கள் கடைசி இடமாக வைத்துக்கொள்ளலாம், அதையும் சரிபார்த்த பிறகு.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் தப்பில்லை. 2011இல் மண்டபம் உங்களைக் காப்பாற்றியது உண்மை. அந்த ஜனவரி மாதக் கடைசியில் தெனாங் இடைத்தேர்தல் நடந்த நாளிலேயே லாபிஸ் வட்டாரம் வெள்ளத்தில் கிடந்தது. ஓட்டுப் போடப் போக முடியாமல் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டார்கள். அப்போது உங்கள் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது நனையாத தரையும் நாலு வேளைச் சோறும்தான். மண்டபம் அதைக் கொடுத்தது. இப்போது அந்தக் குடும்பத்தில் ஒருவர் வாரம் மூன்று நாள் வெளியே போய் வந்தாக வேண்டும். இடம் அதே இடம்தான், ஆள் மாறிவிட்டார். ஒதுங்கும் இடத்தைத் தேடும்போது எல்லாரும் மேட்டைத்தான் பார்க்கிறோம். நான் பாதையை முதலில் பார்க்கச் சொல்வேன். மாமனாருக்கு வேண்டிய டயாலிசிஸ் நிலையம் பாலத்துக்கு அந்தப் பக்கம், மண்டபம் இந்தப் பக்கம். பாலம் மூழ்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாத மண்டபமும் அவருக்கு ஆபத்தான இடம்தான்.

சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு டயாலிசிஸ் தள்ளிப்போனால் உடம்பில் பொட்டாசியமும் நீரும் சேர்ந்துகொண்டே போகும். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடலாம். நீர் நுரையீரலில் கோத்துக்கொண்டால் படுக்கவே முடியாமல் மூச்சு முட்டும். வாரத்தில் ஒருமுறை வரும் இரண்டு நாள் இடைவெளியே அவர்களுக்கு நீளம். அதற்கு மேல் இழுக்க விடக்கூடாது.

மழை இல்லாத ஒரு நாளில் வீட்டுக்காரரோடு மோட்டாரில் ஏறி, லயத்திலிருந்து பட்டணம் வரை மெதுவாகப் போய் வாருங்கள். செம்மண் சாலை எங்கே இறங்குகிறது, அடியில் குழாய் வைத்த இடங்கள் எத்தனை என்று பாருங்கள். சாலையோரச் செம்பனை மரங்களின் அடியில் சேற்றுக் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, காய்ந்த புல்லும் பிளாஸ்டிக் பையும் மட்டைகளில் எங்கே சிக்கியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். போன வெள்ளத்தின் மட்டத்தை அவை காட்டிக்கொடுக்கும். பாலம் உயரமாகத் தெரியும், ஆனால் அதற்கு இரு பக்கமும் சாலை பள்ளமாக இருக்கும். வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அந்தப் பள்ளம்தான். ரயில் தண்டவாளம் குறுக்கே வருகிற இடத்தையும் கவனியுங்கள். தண்டவாள மேடு ஒரு கரை மாதிரி தண்ணீரைத் தடுத்து, ஒரு பக்கம் குளமாகத் தேக்கிவிடும்.

இன்னொன்று. செம்பனையைச் சுமார் இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்வார்கள். 2011க்குப் பிறகு உங்கள் தோட்டத்தில் மறுநடவு நடந்திருந்தால் பழைய தண்ணீர்க் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். மண்ணை மூடப் படரவிடும் மூடு செடி வளரும் வரை வெறும் மண்ணில் விழும் மழை வேகமாக ஓடும், வண்டலைக் கொண்டுவந்து கால்வாயை அடைத்துவிடும். பக்கத்தில் மண் கொட்டி உயர்த்திய புதுத் தாமான் வந்திருந்தாலும் தண்ணீர் வேறு பக்கம் திரும்பும்.

சாலையில் தண்ணீர் ஓடும்போது அரை முழ ஆழம்தானே என்று இறங்கிவிடாதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளின் காலை வாரிவிடும். 30 சென்டிமீட்டரில் சின்னக் கார்கள் மிதக்கத் தொடங்கும், 60 இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துப் போகும். தண்ணீருக்கு அடியில் செம்மண் சாலையின் ஓரம் இடிந்திருப்பது மேலே தெரியாது. தோட்டத்து டிராக்டர் போகுமே என்பார்கள். டிராக்டர் போகலாம், பின்னால் ஆள் ஏறிய டிரெய்லர் மிதந்து புரளும்.

சரி, நாத்தனார் வீடு. பட்டணம் என்றாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தத் தாமானில் 2011இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் பழையவர்களைக் கேளுங்கள். சுவரில் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள், வாயால் கேட்டால்தான் தெரியும். அங்கிருந்து டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகும் சாலையையும் அதே மாதிரி பார்த்துவிடுங்கள்.

நிலையத்திலும் இப்போதே பேசுங்கள். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்கு மட்டும் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த கரைசல் இயந்திரத்தில் ஓடுகிறது. அதனால் கட்டடத்துக்குள் வெள்ளம் வராவிட்டாலும், குழாய்த் தண்ணீரோ மின்சாரமோ நின்றால் நிலையத்தை மூட வேண்டியதுதான். அப்படி மூடினால் நோயாளிகளை எங்கே அனுப்புவார்கள், வெள்ள எச்சரிக்கை வந்தால் முறையை ஒரு நாள் முன்னே தள்ளித் தருவார்களா என்று கேளுங்கள். ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். அதில் டயாலிசிஸ் முறை, மாமனாரின் டிரை வெயிட் (உடம்பில் சேர்ந்த அதிக நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை), மருந்துகள், ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி பரிசோதனை முடிவுகள் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத நோயாளியை எந்த இயந்திரத்தில் போடுவது என்பதை அந்த முடிவுகளை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நேரம் வீணாகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐ.சி.யோடு (அடையாள அட்டையோடு) வையுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

நிவாரண மையத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். பிபிஎஸ் என்று நாம் சொல்லும் அந்த மையத்தில் சமூகநல இலாகா பெயரைப் பதிகிறது, சாப்பாடு தருகிறது, சுகாதார இலாகாவினர் வந்து பார்க்கிறார்கள். நாத்தனார் வீட்டில் தண்ணீர் ஏறும் வாய்ப்பு உண்டென்றால், பட்டணத்துப் பக்கம் இருக்கும் பிபிஎஸ் நல்ல இடம். உள்ளே நுழையும்போதே டயாலிசிஸ் நோயாளி என்று சொல்லிப் பதிந்துவிடுங்கள். கூட்டத்தில் கேட்க மறந்துவிடுவார்கள் என்று நினைத்து நீங்களே சொல்லுங்கள். ஆனால் போன வருஷம் திறந்த அதே பள்ளிக்கூடத்தை இந்த வருஷமும் திறப்பார்கள் என்று கிளம்பாதீர்கள். 2014 டிசம்பரில் கிளந்தானில் குவாலா கிராய் பக்கம் மனெக் உராயில், மக்கள் தஞ்சம் புகுந்த பள்ளிக்கூடத்திலேயே வெள்ளம் ஏறியது. எந்த மையம் திறந்திருக்கிறது என்பது சமூகநல இலாகாவின் இன்ஃபோ பென்சானா இணையப் பக்கத்தில் வரும்.

அப்புறம் மண்டபம். மேடு என்றால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மண்ணை வெட்டி இடம் சமன் செய்து கட்டியிருந்தால், பின்சுவருக்கு மேலே செங்குத்தாக ஒரு சரிவு நிற்கும். 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலியில் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அங்கே வெள்ளமே இல்லை. ஜப்பானில் 30 பாகைக்கு மேல் சாய்ந்த, 5 மீட்டருக்கு மேல் உயரமான சரிவின் அடியில், சரிவின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் வரை ஆபத்துப் பகுதியாகக் குறிக்கிறார்கள். அதிகபட்சம் 50 மீட்டர். அந்தக் கணக்கை நம் மண்டபத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். சரிவில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், இதுவரை இல்லாத இடத்தில் கலங்கலாக ஊற்று, இவற்றில் எதைப் பார்த்தாலும் மழை நாளில் அங்கே படுக்க வேண்டாம்.

தோட்டத்துக்கென்றே இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. உரமும் களைக்கொல்லியும் வைக்கும் ஸ்டோர் காலியாக, மேடாக, கூரையோடு இருக்கும். அவசரத்தில் அங்கே பிள்ளைகளைப் படுக்க வைத்துவிடுவார்கள். வேண்டவே வேண்டாம். செம்பனை ஆலை பக்கத்தில் இருந்தால் அதன் கழிவுநீர்க் குளங்கள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பெருமழையில் அவை நிரம்பி வழிந்தால் தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் வரும், அந்த வழியில் தங்கக்கூடாது. கழிப்பறை எங்கே, இருட்டில் வெளியேற இரண்டாவது வழி உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது கிளம்புவது? வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. தைப்பூசம் முடிந்தால் மழையும் முடிந்தது என்று பையை அவிழ்த்து வைத்துவிடுகிறோம். ஆனால் ஜொகூரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றிய வெள்ளம் 2023இல் மார்ச் மாதம்தான் வந்தது. வானிலை இலாகாவான மெட்மலேசியா தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இன்ஃபோபஞ்சிர் இணையப் பக்கத்தில் ஆற்று மட்டம் நோர்மல் (வழக்கம்), வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று ஏறும். மற்றவர்கள் அமாரானில் கிளம்பட்டும். மாமனார் வஸ்பாடாவிலேயே நாத்தனார் வீட்டில் இருக்க வேண்டும். மெட்மலேசியா ஆரஞ்சு நிறம் காட்டிவிட்டால் ஆற்று மட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் வராமல் போனால் நாலு நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு வருவார், அவ்வளவுதான்.

ராத்திரியோடு ராத்திரியாகப் பாலம் மூழ்கி, மாமனார் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் தண்ணீரில் இறங்காதீர்கள். மண்டபத்துக்கு ஏறி 999க்கு அழைத்து, முதல் வாக்கியத்திலேயே டயாலிசிஸ் நோயாளி, கடைசி டயாலிசிஸ் எந்த நாள் என்று சொல்லுங்கள். படகு யாரிடம் முதலில் போவது என்பதை அந்தத் தகவலை வைத்து முடிவு செய்வார்கள். அதுவரை அவருக்குக் கொடுக்கும் சாப்பாட்டில் கவனம் வேண்டும். வெள்ள நேரத்தில் கையில் கிடைப்பது மேகி, டின் சார்டின், கருவாடு. மூன்றிலும் உப்பு, தாகம் கூடும். குடிதண்ணீர் தீர்ந்தால் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். அதிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் நிறைய, இரண்டும் அவருக்கு ஆகாது. வெள்ளைச் சோறு, ரொட்டி, உப்பில்லாத பிஸ்கட், முட்டை போதும். தண்ணீர், தேநீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு கப் அளவு, அதாவது சுமார் அரை லிட்டர் என்பது அவசர நேரத்துக்கான பொதுவான அளவு. அவருக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். டயாலிசிஸ் ஊசி போடும் கையில் வெள்ளத் தண்ணீர் படவிடாதீர்கள், அந்தக் கையால் மூட்டை தூக்கவும் விடாதீர்கள்.

கடைசியாக மாடுகள். வெள்ளத்தில் வீட்டுக்கே திரும்பிப் போய் உயிரை விட்டவர்களில் பலர் எதையோ எடுக்கவோ அவிழ்க்கவோ போனவர்கள். அதனால் உங்கள் வீட்டுக்காரரிடம் மாட்டை விட்டுவிட்டு வாங்க என்று சொல்லாதீர்கள், மாட்டை முதலில் நகர்த்துங்க என்று சொல்லுங்கள். மாமனார் கிளம்புகிற அன்றே பகல் வெளிச்சத்தில் இரண்டையும் மேட்டுக்கு ஓட்டிப்போக வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் இப்போதே கேட்டு ஓர் இடம் பேசி வையுங்கள். ஆற்றோரம் வேண்டாம், அந்தச் செங்குத்துச் சரிவின் அடியிலும் வேண்டாம். இரண்டு மூன்று நாளைக்கு வெட்டிய புல், பக்கத்தில் ஒரு தொட்டித் தண்ணீர். மூக்கணாங்கயிற்றை முளையில் கட்டாமல் விடுங்கள். கட்டிய மாடு நின்ற இடத்திலேயே மூழ்கும், அவிழ்த்த மாடு நீந்தி மேடு தேடிக்கொள்ளும். மாடு போய்விட்டதென்றால் அவருக்கும் பாலத்தைத் தாண்டி வருவதில் தடை இருக்காது.