ஜப்பான் ரெடிமேட் தோல் ஷூவுக்கு 40,000 யென் கொடுப்பது தகுமா, பேருக்குத்தானே அந்தக் காசு?

கேள்வியைப் பார்த்தால் வேலைக்காக ஜப்பான் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். முதல் போனஸ் வந்திருக்கும். ஆஃபீஸில் எல்லோர் காலையும் கவனித்திருப்பீர்கள். சரி, என் பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் காலை அளக்காமல் வாங்காதீர்கள்.

"பேருக்குத்தானே காசு" என்று நீங்கள் கேட்டது என்னைச் சுட்டது. என் ஊர் ஆம்பூர். அப்பா அங்கே ஒரு ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவர். லாஸ்ட் என்பது கால் வடிவ அச்சு. தைத்து வந்த அப்பரை, அதாவது ஷூவின் மேல்பகுதித் தோலை, அதன்மேல் இழுத்துப் பிடித்துப் படிய வைக்கும் வேலை அது. ஷூ எங்கே மடியும், எங்கே கடிக்கும் என்பதெல்லாம் அந்த இழுப்பிலேயே முடிவாகிவிடும் என்பார்.

அவர் மகனாக இருந்தும் 34 வயதுவரை எனக்கு என் கால் அளவு தெரியாது. டோக்கியோவில் ஒரு கடைக்குப் போய் 27 சென்டிமீட்டர் கேட்டேன். அறுபது வயது இருக்கும் அந்த விற்பனையாளர் உட்காரச் சொன்னார். தரையில் மண்டியிட்டு என் பாதத்தை அளவுப் பலகையில் வைத்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி அளந்தார். விரல்கள் தொடங்கும் இடத்தைச் சுற்றி டேப்பை ஓட்டினார். இடது 25.3, வலது 24.9. ஸ்னீக்கர் எண்ணில் விரலுக்கு முன்னால் விடும் இடமும் சேர்ந்திருக்கும், இங்கே தோல் ஷூவின் எண் பாதத்தின் நீளமே என்று விளக்கினார். ஒரே நீளத்தில் E, EE, EEE என்று அகலம் தனியாக இருக்கிறது. ஊரில் நான் போன எந்தக் கடையிலும் அகலம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. முன்பக்கம் இறுக்கினால் ஒரு சைஸ் பெரிதாகக் கொடுப்பார்கள். இத்தனை வருடமும் அகலத்துக்காக நீளத்தை வாங்கியிருக்கிறேன், குதிகால் கழன்று கழன்று வந்ததற்குக் காரணம் அதுதான்.

25.5இல் EE கொண்டுவந்தார். கால் மணி நேரம் கம்பளத்திலும் வெறும் தரையிலும் நடக்க வைத்த பிறகுதான் பில் போட்டார். 44,000 யென். வசதி இருப்பவன் பேச்சு என்று சொல்லாதீர்கள், அந்த மாதம் வேறு எதுவும் வாங்கவில்லை.

அந்தக் காசு எங்கே போகிறது என்று நான்கு வருடம் கழித்து சோல் மாற்றக் கொடுத்தபோது கண்ணால் பார்த்தேன். பழைய சோலைப் பிரித்ததும் பழுது பார்ப்பவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே நிரப்பியிருந்த கார்க்கில் என் பாதம் அப்படியே பதிந்திருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே ஆழமான பள்ளம், வளைவில் மேடு. குட்இயர் வெல்ட் முறையில் அப்பரும், உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலும் வெல்ட் என்ற தோல் பட்டையோடு ஒரு தையலில் சேரும். அந்தப் பட்டையோடு சோல் இன்னொரு தையலில் சேரும். அதனால் அப்பரைத் தொடாமல் சோலை மட்டும் மாற்றலாம். என் ஷூவில் சோலின் தோலை மெல்லிசாகக் கீறித் தூக்கி, உள்ளே தைத்து, மறுபடி மூடி ஒட்டியிருந்தார்கள். வெளியே ஒரு நூல் தெரியாது. சோலின் ஓரத்தை மேலும் கீழும் சரித்துச் சீவுவதற்கு யஹாசு என்று பேர், அம்பின் அடிப்பகுதியைக் குறிக்கும் சொல். கனமான சோல் மெல்லியதாகத் தெரியும். யூனியன் இம்பீரியல் போன்ற ஜப்பான் பிராண்டுகள் வெல்ட்டைக் கையால் தைத்த ஷூவையே ரெடிமேடாக விற்கின்றன. இங்கிலாந்து ஷூக்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் வர வேண்டாம், ஜப்பான்காரர்கள் கற்றுக்கொண்டதே மேற்கிலிருந்துதான்.

கார்க் படத்தை அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். விலையைக் கேட்கவில்லை. "இன்சோல் தோலா, போர்டாப்பா?" என்றார். போர்டு என்றால் அட்டை. தோல் என்றேன். "அதான் பதிஞ்சிருக்கு" என்றார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். தங்கைக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டில் "அப்பா கம்பெனி வேலை" என்று மட்டும் சொல்லுங்கள், ஷூ, தோல் என்று வாயைத் திறக்காதீர்கள் என்றார் ஓர் உறவினர். அப்பா தலையாட்டினார். எனக்கு இன்னும் ஆறவில்லை. இங்கே ஜப்பானிலும் இந்த இழிவு இருந்தது. தோல் வேலை செய்தவர்களை ஒதுக்கி வைத்த நாடுதான் இது. 1871இல் அரசாணை போட்டு அந்தச் சாதிநிலையை ஒழித்தார்கள், ஏளனம் அதோடு போய்விடவில்லை. அந்த மக்களின் தலைவராக இருந்த டான் நவோகி, ஜப்பானில் ஷூ தொழிலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். நிஷிமுரா கட்சுசோ 1870 மார்ச் 15 அன்று டோக்கியோவில் தொழிற்சாலை திறந்தார், அந்த நாளை இன்றும் ஷூ தினம் என்கிறார்கள்.

பேரைப் பற்றிக் கேட்டீர்களே, இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஷூ பிராண்டான ரீகல் என்பதே அமெரிக்கப் பேர். 1902இல் ராணுவத்துக்கு பூட்ஸ் செய்யத் தொடங்கிய ஜப்பான் நிறுவனம், 1961இல் அந்தப் பேருக்கு உரிமம் வாங்கியது. பேர் வருவதற்குக் கிட்டத்தட்ட அறுபது வருடம் முன்பே கைகள் இருந்தன.

கடைக்கு மாலையில் போங்கள், அதற்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஆஃபீஸுக்குப் போடும் அதே மெல்லிய சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். சைஸ் எண் என்னவென்று நீங்களாகச் சொல்லாதீர்கள்.