அட்டையில் 1000 வாட், அடாப்டரில் 24 வாட்

கேள்வி: 2000 வாட் மின்கெட்டில் வாங்கினேன். காலையில் சட்டென்று கொதிக்கிறது, ராத்திரி ரொம்ப நேரம் எடுக்கிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: கெட்டில் மேல் குற்றமில்லை. அடியில் 230 வோல்ட் என்றும் போட்டிருக்கும், பாருங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் சுமார் 26.5 ஓம். இந்த மின்தடை உள்ளே சூடாகும் சுருளோடு பிறந்தது, பெரிதாக மாறாது. ராத்திரி மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே சுருளில் 7.6 ஆம்பியர்தான் ஓடும். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1500 வாட். வோல்ட் எட்டில் ஒரு பங்கு குறைந்ததற்கே வாட் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. முதலில் ராத்திரி வோல்ட்டை அளந்து பாருங்கள், கடைக்குப் போவதை அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு. கணக்குப்படி 882 ஓம் வர வேண்டும். மல்டிமீட்டர் 65 ஓம்தான் காட்டுகிறது. போலியா?

பதில்: இல்லை. அணைந்து ஆறிய இழையை அளந்திருக்கிறீர்கள். அது எரிந்து தகிக்கும்போதுதான் மின்தடை ஏறி 882 ஆகும்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிவிட்டது. 2000 வாட் ஹீட்டர் ஒன்றுதான் போட்டிருந்தேன். பின்பக்கம் ‘6 ஆம்பியர், 230 வோல்ட்’ என்று இருப்பதை இப்போதுதான் பார்த்தேன். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்.

பதில்: அவர் தர வேண்டியதில்லை. ஆறை 230-ஆல் பெருக்கினால் 1380 வாட். எழுதி வைத்ததைப் படிக்காமல் 2000 வாட்டை மாட்டினால் எந்த 6 ஆம்பியர் பாக்ஸும் தாங்காது. இது தீப்பிடிக்கிற விஷயம், தயவுசெய்து வாங்கும்போதே திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: என் பாக்ஸில் 16 ஆம்பியர் என்றே போட்டிருக்கிறது. அதே 2000 வாட் ஹீட்டருக்கு ஒயர் தொட முடியாதபடி சுடுகிறது. ‘ஓவர்லோட் பண்ணிட்டீங்க’ என்கிறார்கள்.

பதில்: நீங்கள் எடுப்பது 8.7 ஆம்பியர், அவர்கள் வாக்குக் கொடுத்தது 16. உங்கள் மேல் தப்பே இல்லை. இதே மாதிரி ஒன்று என் தலையிலும் கட்டப்பட்டது. ஒயரை வெட்டிப் பார்த்தேன். தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் முடி மாதிரி சில இழைகள். கத்தியால் சுரண்டினால் செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை அதே கனமுள்ள செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்.

வெட்டாமலே நிரூபிக்கலாம். ஹீட்டர் ஓடும்போது சுவர் பிளக்கிலும் பாக்ஸிலும் எத்தனை வோல்ட் என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து வாங்குங்கள். சுவரில் 229, பாக்ஸில் 224 என்றால், நடுவில் தொலைந்த 5 வோல்ட்டை 8.7-ஆல் வகுத்தால் 0.57 ஓம், பெருக்கினால் 43 வாட். அவ்வளவும் ஒயரைச் சுட வைக்கத்தான் போகிறது. நல்ல செம்பு ஒயரில் 10 வாட்கூட வராது. இந்தக் கணக்கை எழுதிப் புகாரோடு கொடுங்கள், விடாதீர்கள். அதுவரை அந்த பாக்ஸில் ஹீட்டரைப் போடாதீர்கள்.

கேள்வி: 1000 வாட் ஸ்பீக்கர் வாங்கினேன். கூட வந்த அடாப்டரில் ‘12 வோல்ட், 2 ஆம்பியர்’ என்று இருக்கிறது. வீட்டிலிருக்கும் பழைய 40 வாட் செட்டே இதைவிடச் சத்தமாகப் பாடுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். கூட வந்த அடாப்டரில் ‘12 வோல்ட், 2 ஆம்பியர்’ என்று இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 24 வாட். அதிலும் கொஞ்சம் சூடாகப் போனது போக மிச்சம்தான் ஸ்பீக்கருக்கு. 24 உள்ளே போய் 1000 வெளியே வர வழியே கிடையாது.

அந்த 1000 பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று இருக்கும், தேடிப் பாருங்கள். கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சம் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அதை எப்படி அளப்பது என்று பொதுவாக ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை, ஆகவே யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம். பல வருஷமாக எனக்கு ஆறாத கோபம் இது. பாட்டு கேட்கும் ஆசையில், சேர்த்து வைத்த பணத்தோடு வருகிறவர்களிடம் இந்த எண்ணைக் காட்டியே விற்கிறார்கள். தொடர்ந்து தரக்கூடிய திறனை ‘ஆர்.எம்.எஸ்.’ என்று போடுவார்கள். அது அட்டையில் இல்லையென்றால் அடாப்டரைக் காட்டச் சொல்லி வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். காட்ட மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். உங்களுக்கு: பெட்டியையும் அடாப்டர் லேபிளையும் சேர்த்துப் படமெடுத்து, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: லேப்டாப் அடாப்டர் போய்விட்டது. பழையது 19 வோல்ட், 3.42 ஆம்பியர். கடையில் 19 வோல்ட், 4.74 ஆம்பியர் தருகிறார்கள். லேப்டாப் கருகிவிடாதா?

பதில்: கருகாது. பழையது 65 வாட் தரும், புதியது 90 வரை தரும். லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். பின்னின் அளவும் பிளஸ், மைனஸும் பொருந்துகிறதா பாருங்கள். ‘இதுவும் 19 வோல்ட்தான்’ என்று 2.1 ஆம்பியரைத் தள்ளினால் மட்டும் வாங்காதீர்கள், அது 40 வாட்தான்.