லிங்கன் வீட்டிலேயே படித்து வக்கீல் ஆனார். என் மகனும் ஆகலாமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்து, தபால் வழியில் பி.ஏ. வாங்கி, கடையில் வேலை பார்க்கிறான். லிங்கன் கல்லூரிக்கே போகாமல் வக்கீல் ஆனாரே என்கிறான். வெளிமாநிலத்தில் எல்.எல்.பி. சேர்த்துவிடுவதாகவும், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும் என்றும் ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம்கூட வேண்டாம்.

லிங்கனைப் பற்றி மகன் சொல்வது உண்மைதான். அவர் பள்ளிக்கூடம் போனதையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்ற ஊரில் தபால் வேலையும் நில அளவையும் பார்த்துக்கொண்டே, ஜான் ஸ்டூவர்ட் என்ற வக்கீலிடம் சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்தார். 1836-இல் உரிமம் பெற்றார். சட்டம் படிக்க வழி கேட்ட ஓர் இளைஞருக்கு 1855-இல் எழுதிய கடிதத்திலும், புத்தகங்களை வாங்கிப் புரியும்வரை படி, ஊர் சின்னதாக இருந்தால் என்ன என்றுதான் சொன்னார். ஆனால் அன்றைய இல்லினாயில் சட்டப் பட்டம் கேட்கவில்லை. நன்னடத்தைச் சான்றும் நீதிபதிகளின் ஒப்புதலும் இருந்தால் போதும்.

இங்கே பட்டம் கட்டாயம். அதுவும் வகுப்புக்குப் போய் வாங்கிய பட்டம். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். உங்களிடம் வந்தவர் விற்பது இல்லாத வருகையை. பட்டம் கைக்கு வரலாம். வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதியப் போகும்போது வருகைப் பதிவைத் தோண்டினால் அது நிற்காது. அந்த நேரத்தில் புரோக்கர் போனை எடுக்க மாட்டார். இப்படி ஏமாந்து வந்து அழுத பெற்றோர்களைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது.

எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எல்.எல்.பி.யைத்தான் தபாலில் படிக்கக் கூடாது. அதற்கு முந்தைய பி.ஏ. தபாலில் இருந்தால் தவறில்லை, பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்று வரிசையாக வந்திருந்தால். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் கதவு அடைப்பு. உங்கள் மகனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்புக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம். "தபால் பட்டம் செல்லாது, நான் சரிசெய்கிறேன்" என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் அதுவும் பொய்.

பகலில் வேலை பார்ப்பவன் எப்படி வகுப்புக்குப் போவான்? நியாயமான கேள்வி. விதி எழுதியவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. இந்த விதிகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் போட்டு ஒட்டியிருந்தாலே பாதி புரோக்கர்கள் காணாமல் போயிருப்பார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பைப் பாருங்கள். வேறு கல்லூரி என்றால், பணம் கட்டும் முன்பே பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதுவரை மகன் அரசியலமைப்பையும் பாரதிய நியாய சன்ஹிதாவையும் வாங்கிப் படிக்கட்டும். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இந்திய தண்டனைச் சட்ட கைடை வாங்கிவிட வேண்டாம். அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்த சன்ஹிதா. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் புதிய சட்டம்தான்.