குழந்தைகளின் எலும்புப் பிரச்சினைகள், அரிய தோல் நோய்கள்: ஆய்வுகள் பற்றி நீங்கள் கேட்டவை

குழந்தைகளுக்கான மருத்துவ ஆய்வுகளில் 12 வருடமாக ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். முதலில் எலும்புப் பிரிவு, இப்போது தோல் பிரிவு. நான் டாக்டர் இல்லை, அதனால் எக்ஸ்ரேயோ புகைப்படமோ அனுப்பி யோசனை கேட்காதீர்கள். ஓர் ஆய்வு எப்படி நடக்கிறது, அதன் முடிவை எப்படிப் படிப்பது என்று கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பையனுக்கு 3 வயது, தட்டைப்பாதம். ஸ்பெஷல் ஷூ போட்டால் வளைவு வந்துவிடும் என்கிறார்கள். தெரிந்தவர் மகனுக்குச் சரியாகிவிட்டதாம். வாங்கலாமா?

பதில்: அந்தப் பையனுக்கு ஷூ போடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வளரும் பிள்ளைகள் விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். சின்னக் குழந்தைகளுக்குப் பாதம் தட்டையாக இருப்பது சாதாரணம். வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு வளைவு தானாக வந்துவிடும். இடையில் ஷூ வாங்கியிருந்தால் நல்ல பெயர் ஷூவுக்குப் போய்விடும். 1989-ல் வெளியான ஓர் ஆய்வில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் நான்கு குழுவாகப் பிரித்தார்கள். மூன்று குழுவுக்கு வெவ்வேறு வகை ஷூ, உள்ளே வைக்கும் அட்டை. ஒரு குழுவுக்கு ஒன்றுமே இல்லை. 3 வருடம் கழித்துப் பார்த்தால் எல்லாக் குழுவிலும் ஒரே மாதிரி முன்னேற்றம்.

மகனை விரல் நுனியில் எழும்பி நிற்கச் சொல்லுங்கள். அப்போது உள்பக்கம் வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால் ஷூ தேவைப்படாது. பாதம் விறைப்பாக இருந்தாலோ வலித்தாலோ டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

கேள்வி: பிறந்து 10 நாள் ஆன மகளுக்கு வலது பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. வாராவாரம் மாவுக்கட்டு போடலாம் என்கிறார் டாக்டர். ஆபரேஷன் இல்லாமல் நிஜமாகவே சரியாகுமா?

பதில்: அம்மா, இது தானாகச் சரியாகும் வகை இல்லை, அதனால் உடனே தொடங்குவது நல்லது. உங்கள் டாக்டர் சொல்வது பொன்செட்டி முறையாகத்தான் இருக்கும். இக்னாசியோ பொன்செட்டி அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகள் வளர்ந்தபின் பாதம் விறைத்து வலியோடு நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் 1940-களின் இறுதியில் இந்த வழியைத் தேடிப் போனார். ஒவ்வொரு வாரமும் பாதத்தை மெல்லத் திருப்பிப் பிடித்து ஒரு மாவுக்கட்டு. பெரும்பாலும் ஐந்தாறு கட்டு போதும். கடைசியில் பலருக்குக் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் சின்னதாக ஒரு வெட்டு.

இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களை 30 வருடத்துக்குப் பிறகு தேடிப்பிடித்துச் சோதித்து 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். 78% பேருக்குப் பாதம் நன்றாகவோ மிக நன்றாகவோ இருந்தது. சரி, எதோடு ஒப்பிட்டு? பிறவியிலேயே பாதம் சரியாக இருந்த, அதே வயதுக்காரர்களோடு. அவர்களிலேயே 85% பேருக்குத்தான் அப்படி இருந்தது. நான் படித்த எலும்பு ஆய்வுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

கட்டு போடும்போது மகளுக்குப் பால் கொடுக்கலாமா என்று கேளுங்கள். குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் கால் தளர்ந்திருக்கும், போடுபவருக்கும் சுலபம். வீட்டுக்கு வந்ததும் கட்டுக்கு வெளியே ஐந்து விரலும் தெரிகிறதா, நிறம் மாறாமல் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். அப்புறம் பிரேஸ், அதாவது பாதம் மறுபடி திரும்பாமல் பிடித்துவைக்கும் கருவி: முதல் 3 மாதம் கிட்டத்தட்ட நாள் முழுக்க, பிறகு 4 வயதுவரை தூங்கும்போது. பாதம் நேராகிவிட்டதே என்று இதை நிறுத்தும் வீடுகளில்தான் பாதம் பழையபடி திரும்புவதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மகளுக்கு 12 வயது, ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது), வளைவு 28 டிகிரி. பிரேஸ் போட மாட்டேன் என்று அழுகிறாள். கட்டாயப்படுத்துவது நியாயமா அக்கா?

பதில்: அவள் வயதுப் பிள்ளைகளை வைத்தே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. பெயர் பிரெய்ஸ்ட், 2013-ல் வெளிவந்தது. பிரேஸ் போட்டவர்களில் 72% பேருக்கு எலும்பு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை, அதாவது ஆபரேஷன் பற்றி யோசிக்கும் அளவை, தொடவில்லை. போடாதவர்களில் 48%. பாதிப் பேருக்குப் பிரேஸ் இல்லாமலே தப்பித்தது என்பதையும் மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். பிரேஸுக்குள் வெப்பத்தை அறியும் சின்ன சென்சார் வைத்திருந்தார்கள், அதனால் உண்மையில் எவ்வளவு நேரம் போட்டார்கள் என்பது தெரிந்தது. நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரமோ அதற்கு மேலோ போட்டவர்களில் 90%-க்கும் அதிகமானவர்களுக்குப் பலன் கிடைத்தது. வளர்ந்த பிள்ளை, "போடு" என்பதைவிட இந்த எண்களை அவள் முன்னால் வைப்பது மேல். பள்ளி நேரத்தில் கழற்றிவிட்டு மற்ற நேரத்தில் போட்டால் கணக்கு வருமா என்று அவளையே டாக்டரிடம் கேட்க விடுங்கள்.

கேள்வி: மணிக்கட்டில் எலும்பு லேசாக மடிந்திருக்கிறது, வெறும் பேண்டேஜ் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அலட்சியமா?

பதில்: இல்லை. 2022-ல் பிரிட்டனில் 965 குழந்தைகளிடம் பார்த்தார்கள். இந்த வகை முறிவில் பேண்டேஜுக்கும் கெட்டியான கட்டுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை.

கேள்வி: மகனுக்கு இபி, டிஸ்ட்ரோஃபிக் வகை. மரபணு ஜெல் பற்றிப் படித்தேன். வெறும் 31 பேரை வைத்துச் செய்த ஆய்வை எப்படி நம்புவது?

பதில்: இபி, அதாவது எபிடெர்மோலைசிஸ் புல்லோசா, பற்றித் தெரியாதவர்களுக்கு: மேல்தோலையும் அடித்தோலையும் பிணைக்கும் இழைகளில் குறை. சட்டைத் தையல் உரசினாலே கொப்புளம். இவர் மகனுடைய வகையில் ஏழாம் வகைக் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாவதில்லை.

நோயே அரிது, ஆயிரம் பேரைத் திரட்ட முடியாது. ஒரு குழந்தையின் நோய் இன்னொரு குழந்தையுடையதைப் போலவும் இருக்காது. அதனால் அந்த ஆய்வில் குழந்தையை அதே குழந்தையோடு ஒப்பிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஏறத்தாழ ஒரே மாதிரியான இரண்டு காயம்: ஒன்றில் மருந்து ஜெல், மற்றதில் மருந்தில்லாத ஜெல், வாரம் ஒருமுறை. எது எதில் என்று தடவுபவருக்கும் தெரியாது. 6 மாத முடிவில் மருந்து போட்ட காயங்களில் 67% முழுதாக ஆறியிருந்தன, மற்றவற்றில் 22%. அந்த 22-ஐப் பாருங்கள். இபி காயங்களும் சில சமயம் தானாக மூடிக்கொள்ளும். இரண்டாவது காயம் இல்லாமல் செய்திருந்தால் அந்தப் பெருமையும் மருந்துக்கே போயிருக்கும். 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இது நோயை வேரோடு எடுக்கும் மருந்து அல்ல. பெருக முடியாதபடி மாற்றிய ஹெர்பிஸ் வைரஸ் சரியான மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும். செல் உதிர்ந்தால் அதுவும் போய்விடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா, ஒட்டிக்கொண்ட கட்டுத்துணியை நனைத்து நனைத்து ஓரத்திலிருந்து எடுக்கவே ஒரு மணி நேரம் போகும். ஜெல் வந்தாலும் அந்த வேலை இருக்கும்.

கேள்வி: ஜெர்மனியில் ஒரு சிறுவனுக்கு உடம்பு முழுக்கப் புதுத்தோல் வைத்தார்களே, அதை ஏன் எல்லோருக்கும் செய்வதில்லை?

பதில்: 2017-ல் வெளியான செய்தி, 7 வயதுப் பையன். அவனுடைய செல்லிலேயே மரபணுவைத் திருத்தி, வளர்த்து, சுமார் 80% தோலை மாற்றினார்கள். ஆனால் அது இபியிலேயே ஜங்ஷனல் என்ற வேறு வகை, குறை இருந்தது வேறொரு மரபணுவில். முதலில் உங்கள் பிள்ளைக்கு எந்த மரபணு என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்த ஆய்வில் சேர்வதற்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி: ஆய்வில் சேர்த்துவிட்டால் பாதியில் விலகலாமா? முடிவை எங்களுக்குச் சொல்வார்களா?

பதில்: எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சையும் நிற்காது. கையெழுத்துப் போடும்போது இதை வாய்விட்டுக் கேளுங்கள். பிரேஸ் ஆய்வையே, பலன் தெளிவாகத் தெரிந்ததும், போடாத பிள்ளைகளைக் காக்க வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

முடிவைச் சொல்வார்களா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எங்கள் தோல் ஆய்வு ஒன்றில் 9 வயதுப் பெண் ஒவ்வொரு முறை வரும்போதும் "எந்தக் கால்ல மருந்து?" என்று கேட்பாள். எனக்கும் தெரியாது என்றால் நம்ப மாட்டாள். ஆய்வு முடிந்து பட்டியல் திறந்ததும் முதல் போன் அவள் வீட்டுக்குத்தான் போட்டேன். "இடது கால்" என்றேன். "நான் வலதுன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.