போர் முடிந்து வந்த சுரங்கத் தொழிலாளிக்கு ஊர் என்ன செய்தது?

கேள்வி: போருக்குப் போய்த் திரும்பிய தொழிலாளர்களைச் சுரங்க ஊர்கள் எப்படிக் கௌரவித்தன? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படி ஏதாவது உண்டா?

மாலை, மேளம், மேடைப் பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. அவற்றை விட்டுவிடுகிறேன். சுரங்க ஊர்களில் கவனிக்க வேண்டியவை இரண்டு: திரும்பி வந்தவனின் பெயரை எங்கே எழுதினார்கள், அவன் விட்டுப்போன வேலையை என்ன செய்தார்கள். நான் இதே மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்காரன், எங்கள் குடும்பம் கடற்கரை மணலிலிருந்து தாதுக்களைப் பிரிக்கும் மணல் ஆலையின் சம்பளத்தில் வளர்ந்தது. ஆகவே இந்தப் பதில் கொஞ்சம் தொழிலாளி பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் எல்லோரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். ஆட்களைக் கட்டாயமாக அனுப்பலாமா என்று 1916-லும் 1917-லும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, அங்கே ஊர்க் கூடங்களிலும் பள்ளிகளிலும் தொங்கும் பெயர்ப்பலகைகளில் பெரும்பாலும் போனவர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். நல்ல மரப்பலகை, பொன்னெழுத்து, மடிந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிலுவை. சிலுவை இல்லாதவர்கள் திரும்பி வந்து அதே கூடத்தில் கல்யாண விருந்து சாப்பிட்டவர்கள். சுரங்க ஊர்களில் வசூல் செய்து, பெயர் பொறித்த சிறு தங்கப் பதக்கமோ கடிகாரமோ கொடுக்கும் வழக்கமும் இருந்தது.

அதே போருக்குப் பின் நம் நாட்டிலும் பல ஊர்களில் அரசு கல் பதித்தது. ‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர்’ என்று வாசகம். பெயர் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான். அந்தக் கல்லைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். தோப்பில் வெட்டிப் போட்ட தேங்காய்க்கு எழுதிய கணக்குபோல இருக்கும்.

அடுத்தது வேலை. சுரங்கத்துக்காரனைப் போரும் பெரும்பாலும் மண்ணைத் தோண்டத்தான் கூப்பிட்டது. 1917 ஜூன் 7 அதிகாலையில் பெல்ஜியத்தில் ஜெர்மன் படை பிடித்திருந்த மெஸ்ஸீன் குன்றுத்தொடருக்கு அடியில் பிரிட்டிஷ் தரப்பு 19 வெடிக்கிடங்குகளை வெடிக்க வைத்தது. அதற்கான சுரங்கப் பாதைகளைத் தோண்டியவர்களில் ஊரில் நிலக்கரி வெட்டியவர்கள் ஏராளம். உயிர் பிழைத்து வந்தவன் மறுபடியும் குழிக்குள்தான் இறங்கினான். 1920-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது: வெட்டும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி தொழிலாளர் நல நிதிக்கு. கூடங்களும் விளையாட்டுத் திடல்களும், பின்னர் குழிவாயிலில் குளியலறைகளும் அந்த நிதியில் எழுந்தன. கரிப்புழுதியோடு வீட்டுக்கு நடந்து வந்தவனுக்குக் குளிக்க வெந்நீர் கிடைத்தது. மேடைப் பேச்சைவிட இது மேல் என்பது என் கட்சி.

ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் ஈயமும் வெள்ளியும் துத்தநாகமும் எடுக்கும் ஊர். கையெறி குண்டை வீச ஓங்கி நிற்கும் படைவீரனின் சிலையை அங்கே 1925-இல் திறந்தார்கள். ஆனால் போர் முடிந்த மறு வருடமே, 1919 மே மாதம் தொடங்கிப் பதினெட்டு மாதம் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. நுரையீரலை அரிக்கும் தூசியும் நீண்ட வேலை நேரமும்தான் பிரச்சினை. முடிவில் நிலத்தடித் தொழிலாளிக்கு வாரம் 35 மணி நேர வேலை என்று ஆனது. சிலைக்கு முன்பே வந்த மரியாதை அது.

இனி நம் பக்கம். எங்கள் பெரியப்பா ராணுவத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு ஆலைக்கு வந்தவர். அன்றைய முறைப்படி வெளியே வந்த பிறகும் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருக்கும். போர் என்றால் போக வேண்டும். 1971-இல் அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு மேக்னட் பிரிவில் வேலை. காய்ந்த மணல் பெல்ட்டில் ஓடி வரும். காந்தத்துக்கு அடியில் கறுத்த இல்மனைட் தாது மட்டும் ஒட்டிக்கொண்டு பிரியும், சிர்கான், ரூட்டைல் என்ற மற்றத் தாதுக்கள் ஒட்டாமல் தாண்டிப் போகும். ஷிப்ட் முடிந்து வரும்போது மூக்குத்துவாரம் கறுத்திருக்கும்.

அவர் போன பிறகு வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை யாரும் அடிக்கவில்லை. அந்த வரிசையில் நாள்தோறும் சிவப்பு மையில் ‘ராணுவம்’ என்று எழுதிவந்தார்கள். டிசம்பர் 3-இல் தொடங்கிய போர் 16-ஆம் தேதி டாக்கா சரணடைவோடு முடிந்தாலும், அவரை விடுவித்து அனுப்ப மாதங்கள் ஆயின. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-இல்தான். அதனால் திருநெல்வேலியில் இறங்கி, தகரப்பெட்டியோடு பஸ் பிடித்து வந்தார். உடன் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு எச்.எம்.டி. கைக்கடிகாரம் வாங்கி, பின்மூடியில் பெயரைப் பொறித்து வைத்திருந்தார்கள். சுக்குக் காப்பி, மட்டிப்பழம், பெரியம்மாவின் முந்திரிக்கொத்து. விழா அவ்வளவுதான். ஆலைக்குள் கட்டினால் மணல் ஏறும் என்று அந்தக் கடிகாரத்தைக் கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டினார்.

அவருக்குப் பதிலாக மேக்னட்டில் நின்ற பையனைச் சும்மா அனுப்பிவிடக் கூடாது என்று பெரியப்பாவே மேஸ்திரியிடம் போய்ப் பேசினார். உலர்த்தும் பிரிவில் அவனுக்கு இடம் கிடைத்தது. ஒருவனைக் கௌரவிக்கும்போது இன்னொருவனின் சோறு போய்விடக் கூடாது என்பது பெரும்பாலான விழாக்காரர்களுக்குத் தோன்றுவதில்லை. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் போனவனுக்குப் பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்க 1944-இல் சட்டமே போட்டார்கள். பதிலாள் என்ன ஆனான் என்பது அதில் இல்லை.

எங்கள் மணலின் கதையில் முதல் உலகப் போர் தலைகீழாக வந்தது. 1909-இல் இங்கே மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டறிந்து, பிறகு ஆலையும் போட்ட ஷோம்பர்க் ஒரு ஜெர்மானியர். மோனசைட்டிலிருந்து வரும் தோரியம் அன்றைக்குக் காஸ் விளக்கு மாண்டில்களுக்கு வேண்டியிருந்தது. போர் மூண்டதும் உளவாளி என்று அவரைப் பிடித்துப் போனார்கள். ஆலை லண்டன் கம்பெனியின் கைக்குப் போனது. தொழிலாளி அதே இடத்தில் நின்று அதே மணலைத்தான் கழுவினான்.

போகாதவர்களையும் சொல்ல வேண்டும். 1943 டிசம்பர் முதல் பிரிட்டனில் படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் பத்தில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். தாமாகவே சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தவர்களையும் சேர்த்துச் சுமார் 48,000 பேர். அன்றைய தொழிலாளர் அமைச்சர் பெவினை வைத்து ‘பெவின் பையன்கள்’ என்று பெயர். சீருடை இல்லாததால் தெருவில் கோழை என்று ஏச்சு வாங்கினார்கள். அரசு ஒரு பேட்ஜ் கொடுத்தது 2008-இல். அதற்குள் பாதிப்பேருக்கு மேல் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இன்றைய நிலவரம் கேட்டால்: மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் ‘சி’ பிரிவுப் பணிகளில் 14.5 சதவீதமும், ‘டி’ பிரிவில் 24.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. ஊனமுற்ற வீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும் உரிய 4.5 சதவீதம் அதற்குள் அடங்கும். மணவாளக்குறிச்சி ஆலையும் பொதுத்துறைதான். உங்கள் வீட்டில் யாராவது பணி முடித்து வந்திருந்தால், நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் பதிவு செய்துவிடுங்கள். படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல் இரண்டு கையில் இருக்கட்டும்.