இரண்டு வயதுக் குழந்தைக்கு ஏன் இந்த வண்டிப் பைத்தியம்?

தெருவில் ஜேசிபி சத்தம் கேட்டதும் சோற்றை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவது, பொம்மை லாரி இல்லாமல் தூங்க மறுப்பது. குழந்தை உளவியலில் இதை 'அதிதீவிர ஆர்வம்' என்கிறார்கள். அதாவது, ஒரே வகைப் பொருள்மேல் மாதக்கணக்கில் விடாத பிடிப்பு. உளவியல் ஆய்வாளர் ஜூடி டெலோச் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு இது இருந்தது, பையன்களிடம் அதிகம்.

வண்டியில் அப்படி என்ன இருக்கிறது? அசைவு, சத்தம், பளிச்சென்ற நிறம். அதைவிட முக்கியம், அது ஏமாற்றாது. தள்ளினால் ஒவ்வொரு முறையும் உருளும். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, பொம்மை பஸ்ஸை இரண்டு விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்தும் குழந்தையைக் கவனியுங்கள். கண் பஸ்ஸில் இல்லை, சக்கரத்தில் இருக்கும். அது எப்படிச் சுற்றுகிறது என்ற சோதனை அங்கே நடக்கிறது. அப்புறம் லாரி வேறு, டேங்கர் வேறு, டிராக்டர் வேறு என்று பிரித்துப் பெயர் சொல்வதில் ஒரு பெருமை!

கிரிக்கெட் பைத்தியம் பிடித்த சித்தப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கோரெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும், பால் வாங்க மட்டும் மறந்துவிடுவார். அதே கதைதான்.

'ஆட்டிசமாக இருக்குமோ' என்று பலர் பயப்படுகிறார்கள். வண்டி ஆசை மட்டுமே அதற்கு அடையாளம் அல்ல. கூப்பிட்டால் திரும்பாதது, எதையும் சுட்டிக்காட்டாதது, பேச்சுத் தாமதம் போன்றவை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.